லொறி ஓடுகிறது, காசு மிஞ்சவில்லை: வன்னி லொறிக்காரருக்கு அறிகுறி பார்த்து வீணாவதைக் குறைக்கும் வழிமுறை

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் ஒன்றிரண்டு லொறியோ ஒரு பட்டாவோ (சிறு லொறி) வைத்து ஹயர் ஓடுகிறவர்களுக்காக எழுதியது இது. உங்கள் வண்டியில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். முதல் அறிகுறியின் கீழ் உள்ள கொப்பி வேலையை மட்டும் விட்டுவிட வேண்டாம். அது இல்லாவிட்டால் மிச்சமெல்லாம் ஊகம்தான்.

முதலில் இந்த வழிமுறைக்கு அடியான லீன் (lean) என்பதைப் பற்றிக் கொஞ்சம். போருக்குப் பிந்திய ஜப்பானில் டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த உற்பத்தி முறைக்கு மேற்கில் பின்னாளில் வைத்த பெயர் அது. ஓனோ வீணாவதை ஏழாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் செய்வது, காத்திருப்பு, போக்குவரத்து, தேவைக்கு மேல் மெருகூட்டுவது, கையிருப்பு, வீண் அசைவு, பழுது. மூன்றாவதைப் பார்த்தீர்களா? தொழிற்சாலைக்காரனுக்குப் போக்குவரத்தே வீண். நமக்கோ அதுதான் சோறு. அதனால் அந்தப் பட்டியலை அப்படியே தூக்கி லொறியில் ஒட்ட முடியாது. ஓடும் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும், இதற்கு யாராவது காசு தருகிறார்களா என்று கேட்டால் போதும். தராவிட்டால் அது வீண்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கீழே வரும் அறிகுறிகள் எல்லாம் லொறியில்தான் தெரியும். காரணம் பெரும்பாலும் லொறி வந்து சேர முன்பே, வயலிலோ, கடையிலோ, பேசாமல் விட்ட ஒரு போன் அழைப்பிலோ இருக்கும். சாரதியில் பிழை பிடிப்பது சுகம், அதனால் எல்லாரும் அங்கேயே தேடுகிறார்கள்.

அறிகுறி: மாதம் முழுக்க ஓடுகிறது, கையில் ஒன்றும் நிற்கவில்லை

ஒரு கொப்பி வாங்கி லொறியில் போடுங்கள். புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், ஏற்றத் தொடங்கியது, முடிந்தது, என்ன சுமை, மீற்றரில் எத்தனை கிலோமீற்றர். அவ்வளவுதான். இரண்டு கிழமை எழுதட்டும். சாரதிக்கு முதலே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இதை வைத்துச் சம்பளத்தில் வெட்டமாட்டேன். வெட்டுவீர்கள் என்று தெரிந்தால் கொப்பியில் நல்ல நேரம் மட்டும்தான் இருக்கும். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் பக்கத்து இருக்கையில் ஏறிப் போய்வாருங்கள், வாய் திறக்காமல்.

பிறகு மூன்று விகிதம் எடுங்கள். பிரித்தானியாவில் காடிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொழிற்சாலை இயந்திரத்துக்கு உள்ள ஓர் அளவையை லொறிக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அதை நம் தேவைக்குச் சுருக்கினால் இப்படி வரும்: வெளியே இருந்த நேரத்தில் எவ்வளவு நேரம் ஓடியது, ஓடிய தூரத்தில் எவ்வளவு தூரம் சுமையோடு, சுமையோடு ஓடும்போது எவ்வளவு நிரம்பியிருந்தது. மூன்றையும் பெருக்க வேண்டும். ஒரு கணக்குக்கு, 12 மணித்தியாலத்தில் ஓடியது 6 (50 வீதம்), சுமையோடு ஓடியது தூரத்தில் 60 வீதம், நிரம்பியது 80 வீதம் என்று வையுங்கள். தனித்தனியே பார்த்தால் ஒன்றும் மோசமாகத் தெரியாது. பெருக்கினால் 24 வீதம். அதாவது லீசிங் கட்டி, இன்சூரன்ஸ் கட்டி, சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் லொறியில் கால்வாசிதான் உழைக்கிறது.

மூன்றில் எது மிகக் குறைவோ அதிலிருந்து தொடங்குங்கள். நேரம் குறைவென்றால் அடுத்த பகுதி. சுமையோடு ஓடிய தூரம் குறைவென்றால் வெறும் லொறி பற்றிய பகுதி. நிரம்பல் குறைவென்றால் கடைகள் பற்றிய பகுதி.

அறிகுறி: அறுவடைக் காலத்தில் மில் வாசலிலேயே நாள் போகிறது

வன்னியில் இதுதான் பெரிய நோய். காலபோக நெல் மாசி, பங்குனியில் ஒரே மூச்சில் வரும். முன்பு அரிவி வெட்டு, சூடு வைப்பு, சூடடிப்பு என்று கிழமைக்கணக்கில் பரவிக் கிடந்த வேலையை இப்போது வெட்டு மிசின் ஒரு பகலில் முடித்துவிடுகிறது. வயல் வேகமானது, மில் வேகமாகவில்லை. இடையில் அகப்பட்டது லொறி.

பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது போன் வரும்: "அண்ணை, முன்னுக்கு இன்னும் ஏழு லொறி நிக்குது, இண்டைக்கு இறங்காது." இந்த இடத்தில் ஓனோவின் ஆட்கள் செய்வதுபோல ஐந்து தரம் ஏன் என்று கேட்டுப் பார்ப்போம்.

ஏன் நிற்கிறது? முன்னால் ஏழு லொறி. ஏன் ஏழும் ஒன்றாக? எல்லாம் காலையில் வந்தவை. ஏன் காலையில்? முதல் நாள் பின்னேரம் ஏற்றினார்கள். ஏன் பின்னேரமே ஏற்ற வேண்டும்? இரவுப் பனிக்கும் மழைக்கும் முன் வயலில் இருந்து நெல்லை எடுக்க வேண்டும். ஏன் வயலிலேயே வைத்திருக்க முடியாது? காய விடக் களம் இல்லை, மூடத் தறப்பாள் இல்லை. வீதியில் பரவிக் காயவைப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம்.

ஆக மில் வாசலில் தெரிந்த நோய்க்கு வேர் வயல் வரம்பில். களம் இல்லாத குறையை லொறி சுமக்கிறது: நாளுக்கு இவ்வளவு என்று லீசிங் ஏறும் வண்டியை நெற்களஞ்சியமாகப் பாவிக்கிறார்கள். நாலு சில்லு உள்ள களஞ்சியம் உலகிலேயே விலை கூடிய களஞ்சியம்.

செய்யக்கூடியவை, எளிதில் இருந்து கடினத்துக்கு:

ஏற்றுமுன் மில்லுக்கு ஒரு போன். வரிசை எவ்வளவு, எத்தனை மணிக்கு வந்தால் இறங்கும் என்று கேட்பது. நாலைந்து லொறிக்காரர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குழுவில் நேரம் பிரித்துக்கொண்டால் மில்காரருக்கும் சுகம். அவருடைய இறக்கும் ஆட்களும் காலையில் மூச்சு முட்டி, பின்னேரம் சும்மா இருக்கமாட்டார்கள். முதலில் ஒரே ஒரு மில்லோடு பேசிப் பாருங்கள்.

ஈரத்தை வயலிலேயே பாருங்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்கும் ஈரப்பதம் 14 வீதம். தனியார் ஈர நெல்லையும் எடுப்பார்கள், விலையைக் குறைத்து. மாதிரி எடுத்து, ஈரம் பார்த்து, விலை பேசி, சில வேளை திருப்பி அனுப்பி, இதெல்லாம் லொறி வாசலில் நிற்கும்போது நடக்கிறது. ஈரமானி ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கி, பேச்சை ஏற்றுமுன் முடித்துவிட்டால் வாசலில் மிஞ்சுவது நிறுப்பதும் இறக்குவதும் மட்டுமே. இன்னொரு கணக்கும் இருக்கிறது. 20 வீத ஈரத்தில் உள்ள 1000 கிலோ நெல் 14 வீதத்துக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 930 கிலோ. 70 கிலோ தண்ணீர். ஐந்து தொன் ஏற்றினால் 350 கிலோ தண்ணீரை டீசல் எரித்துக் கொண்டு போகிறீர்கள். ஐந்தாறு மூட்டைக்கான இடம் அது.

உழவு இயந்திரப் பெட்டியை இடைத்தாங்கலாகப் பாவியுங்கள். வயலில் இருந்து கிராமத்துக்கு, தெரிந்தவர் வளவுக்கோ கூட்டுறவுச் சங்கக் களஞ்சியத்துக்கோ, பெட்டியில் இழுத்து வைத்தால் லொறி நேரம் கிடைத்தபோது வந்து ஏற்றலாம். இங்கே ஒரு தரம் கூடுதலாக ஏற்றி இறக்குகிறோமே, அது வீணில்லையா என்று கேட்பீர்கள். வீண்தான். இரண்டு நாள் லொறி நிற்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த வீண் மலிவோ அதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக, காத்திருப்புக் கூலி. இறக்க மூன்று மணித்தியாலம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று ஹயர் பேசும்போதே சொல்லுங்கள். கேட்டவுடன் முகம் சுளிப்பார்கள். ஆனால் காத்திருப்புக்கு விலை இல்லாத வரைக்கும் அதைக் குறைக்க வேண்டிய அவசரம் வேறு எவருக்கும் வராது.

பழைய ஆட்களுக்கு இங்கே ஒரு பழக்கமும் உண்டு. வவுனியாவுக்கு வடக்கே இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சாமான் முழுவதையும் இறக்கிக் காட்டித் திரும்ப ஏற்றிய காலத்தில், ஒரு பயணத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் என்று ஒதுக்கியே கணக்குப் போட்டோம். சாவடி போய்விட்டது. ஒதுக்கும் நாள் இன்னும் பலருடைய தலைக்குள் இருக்கிறது.

அறிகுறி: போகும்போது நிறை, வரும்போது வெறும் லொறி

கிளிநொச்சியில் இருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் (மரக்கறி மொத்தச் சந்தை) ஏறத்தாழ 180 கிலோமீற்றர். பூசணியும் பப்பாசியும் கொண்டுபோய் இறக்கிவிட்டு வெறும் லொறியாக ஏ9 வீதியில் திரும்பினால் பாதித் தூரம் வீண். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் திரும்பும் லோட் தேடி இரண்டு நாள் அங்கேயே கிடப்பதும் வீண் என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை.

ஒரு கணக்குப் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் லொறி ஒரு நாள் நின்றால் எவ்வளவு? லீசிங், சம்பளம், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் நாளுக்குப் பிரியுங்கள். உதாரணமாக 12,000 ரூபாய் என்று வைப்போம். திரும்பும் லோட்டுக்குக் கூலி 25,000, அதற்காகக் கூடுதலாகப் போகும் டீசலும் கூலியாளும் 6,000. ஒரு நாள் காத்திருந்தால் 7,000 இலாபம். இரண்டாம் நாளும் காத்திருந்தால் 5,000 நட்டம். உங்கள் எண்ணைப் போட்டு, எத்தனை மணிக்குள் லோட் வராவிட்டால் திரும்புவது என்று புறப்படுமுன்பே சாரதியிடம் சொல்லிவிடுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு தீர்மானித்தால் ஆசைதான் தீர்மானிக்கும்.

லோட் தேட வேண்டிய இடமும் கடைசி ஊர் மட்டுமல்ல. வவுனியாவில் மன்னார் வீதியும் ஹொரவப்பொத்தானை வீதியும் ஏ9 உடன் சேர்கின்றன. மாங்குளத்தில் முல்லைத்தீவு வீதி பிரிகிறது. தம்புள்ளையில் இருந்து வவுனியாவுக்கு மரக்கறி, வவுனியாவில் இருந்து மாங்குளத்துக்கு மாட்டுத் தீவனமோ சீமெந்தோ என்று துண்டு துண்டாக நிரப்பினாலும் நிரப்பல்தான். வெறும் லொறியாக வருபவர் எவர், சுமை தேடுபவர் எவர் என்பது முதல் நாள் இரவே ஒரு குழுவில் தெரிந்தால் பாதிப் பிரச்சினை முடியும். போட்டிக்காரனுக்கு லோட் சொல்வதா என்ற தயக்கம் இருக்கும். அவனும் ஒரு நாள் உங்களுக்குச் சொல்வான்.

எதையும் எதோடும் ஏற்றிவிட வேண்டாம். மீன் கொண்டுபோன லொறியில் மா வராது. கிருமிநாசினி ஏற்றிய தட்டில் அரிசி வைக்கக் கூடாது. கழுவுவதற்கு எவ்வளவு நேரம், எங்கே கழுவுவது என்பதையும் திரும்பும் லோட்டின் செலவில் சேருங்கள்.

அறிகுறி: கடைகடையாக இறக்கி முடிய இருட்டிவிடுகிறது, லொறியோ பாதிதான் நிரம்பியிருந்தது

ஒவ்வொரு கடைக்காரரும் கேட்ட நாளில் கேட்ட நேரத்தில் ஓடுகிறீர்கள். திங்கள் ஒட்டுசுட்டான், செவ்வாய் புதுக்குடியிருப்பு, புதன் மறுபடி அதே பக்கம் முள்ளியவளை. மூன்று நாளும் அரை லொறி.

இதற்கு வன்னியின் வீதி அமைப்பே ஒரு வழி வைத்திருக்கிறது. கிளிநொச்சியில் புறப்பட்டு முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, மாங்குளத்தில் ஏ34 இல் திரும்பினால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு. அங்கிருந்து ஏ35 வழியாகப் புதுக்குடியிருப்பு, விசுவமடு, பரந்தன், பிறகு வீடு. ஒரு வட்டம். ஒரே பாதையில் இரண்டு தரம் ஓடுவதில்லை. கிழமைக்கு இரண்டு குறித்த நாளில் இந்த வட்டத்தை ஓடுவேன் என்று கடைகளுக்குச் சொல்லிவிட்டு, ஓடர் முதல் நாள் மதியத்தோடு மூடப்படும் என்றும் சொல்லுங்கள். கடைக்காரர் முதலில் முணுமுணுப்பார்கள். நாள் தவறாமல் வருகிறது என்று கண்டபிறகு அவர்களே உங்கள் நாளுக்கு ஏற்ப வாங்கத் தொடங்குவார்கள். நாள் தவறினால் எல்லாம் போச்சு. இந்த ஏற்பாட்டின் உயிர் நேரம் தவறாமை.

ஏற்றும்போது கடைசிக் கடைச் சாமான் முதலில் உள்ளே. சொல்லத் தேவையில்லாத விஷயம், ஆனால் முள்ளியவளையில் இறக்க வேண்டிய பெட்டிக்காகப் பாதி லொறியை வீதியில் இறக்கி வைப்பதை இன்றும் காணலாம். கயிறு, தறப்பாள், ஜக், பலகை எல்லாவற்றுக்கும் தட்டில் ஒரே இடம் குறித்து வையுங்கள்.

அறிகுறி: மரக்கறியும் பழமும் நசிந்துபோய்க் கழிவு வெட்டுகிறார்கள்

உரப்பையில் திணித்து ஆள் உயரத்துக்கு அடுக்கினால் அடியில் இருப்பது கூழ். 2011 இல் பிளாஸ்டிக் கூடையைக் கட்டாயமாக்கியபோது தம்புள்ளைப் பக்கம் பெரிய எதிர்ப்பு எழுந்தது, அரசு இறங்கிவர வேண்டியதாயிற்று. எதிர்த்தவர்களிடமும் நியாயம் இருந்தது: கூடை வைத்தால் ஏற்றும் நிறை குறையும், வெறும் கூடை திரும்பி வரும்போது இடத்தை அடைக்கும். இடத்தின் செலவு லொறிக்காரருக்கு, மிச்சப்படும் பழம் வியாபாரிக்கு என்று இருக்கும்வரை இது நடக்காது. கூடைக்கு மாறுவதானால் கழிவில் மிச்சப்படுவதில் ஒரு பங்கு கூலியில் சேரவேண்டும் என்று முதலே பேசுங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கூடையாக வாங்குங்கள். பப்பாசிக்கும் தக்காளிக்கும் இது பிரயோசனம். பூசணிக்குத் தேவையில்லை, வைக்கோல் போதும்.

அறிகுறி: டீசல் கூடுதலாகக் குடிக்கிறது

தாங்கியை நிரப்பி ஓடி, மறுபடி நிரப்பி, கிலோமீற்றரோடு பிரித்துப் பாருங்கள். மூன்று நாலு தரம் செய்தால்தான் நம்பலாம். பிறகு ரயர்க் காற்று, காலையில் ரயர் குளிராக இருக்கும்போது. கிரவல் வீதியில் ஓடும் வண்டிக்கு எயார் பில்டர். அடுத்து, நிற்கும்போது இன்ஜின் ஓடுகிறதா? இன்ஜினின் அளவைப் பொறுத்து மணிக்கு ஒரு லீற்றர் முதல் மூன்று லீற்றர் வரை சும்மா எரியும். இதெல்லாம் சரியென்றால் வெறும் லொறியாக ஓடியதும் இதே டீசல்தான் என்பதை நினைத்து, மேலே உள்ள வெறும் லொறி பற்றிய பகுதிக்குத் திரும்பிப் போங்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்கு அளந்து டீசல் கிடைத்தபோது ஒரு கிலோமீற்றரின் விலை எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அறிகுறி: மாதத்துக்கு இரண்டு தரம் கராஜ்

ஓனோவின் ஆட்கள் வீணோடு சேர்த்து இன்னும் இரண்டைச் சொல்வார்கள்: வேலையின் ஏற்றத்தாழ்வு, அளவுக்கு மீறிய பாரம். மாசியில் இரண்டு மடங்கு ஏற்றி, ஆவணியில் சும்மா நிற்பது இரண்டுமே சேர்ந்தது. வில்லுத்தகடும் அச்சும் அங்கேதான் போகின்றன. வீதியும்தான்: ஓர் அச்சின் பாரம் இரண்டு மடங்கானால் வீதிக்கு வரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு என்பது பொறியியலாளர்கள் பாவிக்கும் கணக்கு. உள்வீதி குழியானால் அதே குழியில் நாளைக்கு விழப்போவது உங்கள் லொறிதான். பழுதுபார்ப்பைச் சும்மா நிற்கும் மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள், அறுவடைக்கு முதல் கிழமையில் அல்ல.

அறிகுறி: இரண்டு கிழமை நன்றாக நடந்தது, பிறகு பழையபடி

சம்பளத்தைப் பாருங்கள். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கொடுத்தால் சாரதி ட்ரிப்பைக் கூட்டுவார்; நிரம்பியதா, வெறும் லொறியா என்பது அவருடைய கவலை இல்லை. நாட்சம்பளம் என்றால் மில் வாசலில் நிற்பது அவருக்கு ஓய்வு. நிலையான ஒரு சம்பளமும், சுமையோடு ஓடிய கிலோமீற்றருக்கு ஒரு சிறு தொகையும், சேதமில்லாமல் சேர்ந்ததற்கு ஒன்றும் என்று பிரித்துப் பாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் பத்து நிமிடம் இருந்து கொப்பியைப் பார்த்து, இந்தக் கிழமை எங்கே கூடுதலாக நின்றாய் தம்பி என்று கேட்டு, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அடுத்த கிழமைக்கு மாற்றுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

அறிகுறி: மாரியில் எல்லா ஏற்பாடும் குழம்புகிறது

இது பிழை அல்ல, காலம். ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழை. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். இந்த மாதங்களில் கையிருப்பு வீண் என்ற பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். உள்ளூர்க் கடைகளுக்குப் புரட்டாதிக் கடைசியிலேயே அரிசி, மா, பருப்பு, தீவனம் இரண்டு கிழமைக்குக் காணுமளவு கூடுதலாக இறக்கிவிடுங்கள். வட்ட ஓட்டத்தில் ஒரு நாளைக் காலியாக விடுங்கள், பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும் நாளில் அது தேவைப்படும். கொப்பியில் அந்தக் கிழமைகளுக்கு நேரே மழை என்று ஒரு குறி போடுங்கள். இல்லாவிட்டால் அந்த மோசமான எண்ணை வைத்துத் தை மாதத்தில் சாரதியோடு சண்டை வரும்.